ஃபில்டர் காபி: டிகாக்‌ஷன் ஒரு நாள் தண்ணீர், மறுநாள் அடைப்பு ஏன்?

கேள்வி இது: "பக்கத்து வீட்டில் வாங்கும் அதே கடைப் பொடிதான், 80-க்கு 20 சிக்கரி. அவர்கள் போட்டால் வாசல்வரை மணக்கிறது. எங்கள் வீட்டில் ஒரு நாள் டிகாக்‌ஷன் தண்ணீராக இறங்குகிறது, மறுநாள் இறங்கவே மாட்டேன் என்கிறது. பொடியை மாற்றுவதா, ஃபில்டரை மாற்றுவதா?"

இப்போதைக்கு இரண்டையும் மாற்ற வேண்டாம். ஒரு நாள் தண்ணீர், ஒரு நாள் அடைப்பு என்றால், பொடி ஃபில்டருக்குள் தினமும் ஒரே மாதிரி உட்காரவில்லை என்று அர்த்தம். ஃபில்டர் காபியில் நம் கையில் இருப்பது அந்த ஒரு விஷயம்தான். வெந்நீர் பொடியின் ஊடே எவ்வளவு நேரம் எடுத்து, எவ்வளவு சமமாக இறங்குகிறது என்பதை வைத்தே ருசி அமைகிறது. மீதி எல்லாம் அதற்குப் பிறகுதான்.

முதலில் ஃபில்டரின் அளவைப் பாருங்கள். நிறைய வீடுகளில் ஆறு பேருக்கான ஃபில்டரில் இரண்டு பேருக்குக் காபி போடுகிறார்கள். அகலமான அடித்தட்டில் இரண்டு ஸ்பூன் பொடி விரித்தால் அரை விரல் உயரம்கூட வராது. ஊற்றிய தண்ணீர் இரண்டு மூன்று நிமிடத்தில் கடகடவென்று கீழே போய்விடும். வருவது நிறம் மட்டும் ஏறிய வெந்நீர். மேல் பாத்திரத்தில் மூன்றில் ஒரு பங்காவது பொடி இருக்க வேண்டும், பாதியைத் தாண்டக் கூடாது. இரண்டு பேர் இருக்கும் வீட்டுக்குச் சின்ன ஃபில்டர் ஒன்று, விருந்தாளிக்குப் பெரியது ஒன்று என்று வைத்துக்கொள்வதுதான் சரி. பெரிய ஃபில்டரில் சிக்கரியைக் கூட்டிச் சமாளிப்பது வேலைக்காகாது.

அளவு இப்படி வைத்துக்கொள்ளுங்கள். 150 மில்லி டம்ளர் இரண்டுக்கு 30 கிராம் பொடி, 160 மில்லி தண்ணீர். தராசு இல்லையென்றால் மேசைக்கரண்டியில் தலை தட்டி ஐந்தரை முதல் ஆறு கரண்டி. பொடி தன் எடையைப்போல் இரண்டு மடங்கு தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும், அதைத் திருப்பித் தராது. அதாவது 60 மில்லி மேலேயே தங்கிவிடும். கீழே சுமார் 95 முதல் 100 மில்லி வரும். "அவ்வளவு ஊற்றினேன், இவ்வளவுதான் வந்தது" என்று பதறி மேலே இன்னும் தண்ணீரை ஊற்றுகிறவர்கள்தான் நல்ல டிகாக்‌ஷனைக் கெடுப்பது.

போடும் முறை: ஃபில்டர் காய்ந்திருக்க வேண்டும். முந்தைய நாள் கழுவிய ஈரம் துளைகளில் நின்றால் முதலில் விழும் பொடி அங்கேயே சேறாகி ஒட்டும். பொடியைப் போட்டதும் ஸ்பூனால் அழுத்த வேண்டாம். பாத்திரத்தின் பக்கவாட்டில் விரலால் நாலு தட்டுத் தட்டினால் தானாகச் சமமாகும். அப்புறம் காம்பு வைத்த துளைத்தட்டை, குடை என்று சொல்வோமே அதை, பொடியின்மேல் வைத்துக் கால் சுற்று திருப்பி விட்டுவிடுங்கள். அதன் சொந்த எடையோடு கொஞ்சம் கை எடை சேர்ந்தால் போதும். இங்கேதான் உங்கள் பிரச்சினை இருக்கிறது. ஒரு நாள் பலமாக அமுக்குகிறீர்கள், அடைக்கிறது. அந்த நினைப்பில் மறுநாள் குடையே வைப்பதில்லை, நேராக ஊற்றும் தண்ணீர் ஒரு பக்கம் பள்ளம் பறித்து அந்த வழியாகவே இறங்கிவிடுகிறது. பொடியில் முக்கால்வாசி சரியாக நனைவதுகூட இல்லை. சக்கையைக் கொட்டும்போது கவனியுங்கள்: நடுவில் குழியும் ஓரத்தில் வெளிறிய காய்ந்த பொடியும் தெரிந்தால் நடந்தது இதுதான்.

குடையை உள்ளேயே விட்டு, அதன்மேல் விழுமாறு தண்ணீரை ஊற்ற வேண்டும். தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் அடுப்பை அணைத்து, குமிழி அடங்கும்வரை அரை நிமிடம் பொறுங்கள். குளிர்ந்த எவர்சில்வரும் பொடியும் சேர்ந்து சூட்டை இன்னும் இழுக்கும், ஆகவே அதற்குமேல் ஆற விடாதீர்கள். பொடியைத் தொடும்போது 90 முதல் 95 டிகிரி இருக்க வேண்டும். ஊட்டியில் இருப்பவர்களுக்கு இந்தக் காத்திருப்பே தேவையில்லை. அந்த உயரத்தில் தண்ணீர் கொதிப்பதே கிட்டத்தட்ட 93 டிகிரியில்தான்.

முதலில் 40 மில்லி மட்டும் சுற்றி ஊற்றி ஒரு நிமிடம் விடுங்கள். பொடி ஊதி எழும். வறுத்த கொட்டைக்குள் அடைந்திருக்கும் கரியமில வாயு வெளியே வருவதால் வரும் பொங்கல் அது. வாயு போகாமல் மொத்தத் தண்ணீரையும் கொட்டினால், அது தண்ணீரைத் தள்ளிக்கொண்டு தனக்கொரு வழி பண்ணிக்கொள்ளும். பொங்கல் அடங்கியபின் மிச்சத் தண்ணீரை இரண்டு தவணையாக ஊற்றி மூடி போடுங்கள். மூடி அவசியம், சூடு உள்ளே நிற்பது அதனால்தான்.

பிறகு நேரத்தைக் கவனியுங்கள். 15 முதல் 25 நிமிடத்துக்குள் முக்கால்வாசி இறங்கிவிட வேண்டும்; கடைசிச் சொட்டு வர அரை மணியைத் தாண்டினால் தவறில்லை. 5 நிமிடத்தில் முடிந்துவிட்டால் பொடி கரகரப்பாக அரைத்தது, அல்லது அளவு போதவில்லை, அல்லது பள்ளம் விழுந்திருக்கிறது. ஒரு மணி நேரமாகியும் மேலே தண்ணீர் நின்றால் பொடி மாவாக இருக்கிறது, அமுக்கியது அதிகம், அல்லது துளை அடைத்திருக்கிறது.

இறங்காததற்கு இன்னொரு காரணம் உண்டு, பலருக்கு அது தோன்றுவதில்லை. மேல் பாத்திரம் கீழ்ப் பாத்திரத்தில் இறுக்கமாக உட்கார்ந்துவிட்டால் கீழே இருக்கும் சூடான காற்று வெளியே போக வழியில்லை. காற்று வெளியேறினால்தான் டிகாக்‌ஷன் இறங்க இடம் கிடைக்கும். துணியால் பிடித்து மேல் பாத்திரத்தை நூலளவு தூக்கி, கொஞ்சம் சாய்வாகத் திரும்ப வையுங்கள். அதுவரை நின்றிருந்த சொட்டு உடனே தொடங்கினால் குற்றம் காற்றுடையது. அதற்கும் அசையவில்லை என்றால் குடையை மெல்ல ஒரு சுற்று திருப்பி விடலாம். ஸ்பூனை விட்டுக் கிளறக் கூடாது, கிளறினால் தூள் எல்லாம் கீழே போய்த் துளைகளில் குந்திக்கொள்ளும். ஃபில்டரை அப்படியே அடுப்பில் வைத்துச் சூடாக்கி இறக்குவது பழைய கைவைத்தியம். இறங்கும், ஆனால் கீழே ஏற்கெனவே இறங்கிய டிகாக்‌ஷன் கொதித்துக் கசந்துபோகும்.

துளைகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மேல் பாத்திரத்தை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பாருங்கள். எல்லாத் துளையிலும் வெளிச்சம் தெரிகிறதா? ஆறு மாதம் வெறும் சோப்பு மட்டும் பார்த்த ஃபில்டரில் கால்வாசித் துளை இருட்டாகத்தான் இருக்கும். காபியின் எண்ணெயும் நைஸ் தூளும் சேர்ந்து அரக்கு மாதிரி ஒட்டிக்கொள்கிறது. பழைய எண்ணெயின் சிக்கு வாடை புதுக் காபியில் ஏறுவதும் இதனால்தான். எவர்சில்வர் ஃபில்டர் என்றால் அடிப்பாகத்தை அடுப்புத் தீயில் ஒரு நிமிடம் காட்டுங்கள்; அடைப்பு எரிந்து சாம்பலாகும், ஆறியபின் தட்டிக் கழுவினால் போய்விடும். பித்தளை ஃபில்டரில் இந்த வேலையைச் செய்யாதீர்கள். உள்ளே பூசியிருக்கும் வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும். அதற்குச் சமையல் சோடா ஒரு ஸ்பூன் போட்ட தண்ணீரில் பத்து நிமிடம் கொதிக்க வைத்து, மெல்லிய ஊசியால் குத்திவிட்டால் போதும். பூச்சு போய் மஞ்சள் தெரிகிற பித்தளை ஃபில்டரில், திரும்ப வெள்ளீயம் பூசும்வரை காபி போடாமல் இருப்பது நல்லது. காபி புளிப்புள்ள பானம், செம்பு கரையும், உலோக வாடையும் வரும்.

இப்போது பொடி. கடையில் அரைக்கும்போது "ஃபில்டருக்கு" என்று சொன்னால் பெரும்பாலும் சரியாகவே அரைப்பார்கள். இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்துப் பாருங்கள்: தூள் உப்பைவிடக் கொஞ்சம் நைஸாகவும், மாவுபோல் வழுக்காமல் நெருநெருவென்றும் இருக்க வேண்டும். வீட்டில் மிக்ஸியில் அரைத்தால் பாதி மாவாகவும் பாதி குருணையாகவும் வரும்; மாவு அடைக்கும், குருணையில் சாரம் உள்ளேயே தங்கும். மிக்ஸிதான் கதி என்றால் ஐந்தைந்து விநாடியாக விட்டு விட்டு ஓட்டி, நடுவில் ஜாரைக் குலுக்கிக்கொள்ளுங்கள். சூடாக அரைத்து வாங்கிய பொடியை உடனே டப்பாவில் அடைத்து இறுக்க மூடாமல், பாக்கெட் வாயைத் திறந்து ஒரு மணி நேரம் ஆற விடுங்கள். அன்றைக்கே வறுத்து அரைத்ததாக இருந்தால் அன்றே போடுவதைவிட மறுநாள் போடுவது ருசியாக இருக்கும், வாயு கொஞ்சம் அடங்கியிருக்கும்.

என்ன கொட்டை வாங்குவது என்பதில் கடைப் பலகையைப் பார்த்துக் குழம்புகிறவர்கள் அதிகம். காபியில் அரபிகா, ரொபஸ்டா என்று இரண்டு முக்கிய இனங்கள். பிளான்டேஷன் என்று எழுதியிருந்தால் பழத்தின் தோலுரித்து, தண்ணீரில் கழுவிக் காய வைத்த அரபிகா. ஏ, பி என்பது கொட்டையின் பருமனைப் பார்த்துப் பிரித்தது. செர்ரி என்றால் பழத்தோடு வெயிலில் உலர்த்தியது. பீபெரி என்பது பழத்துக்குள் இரண்டு பருப்புக்குப் பதில் ஒன்றே உருண்டையாக விளைந்தது. அரபிகாவிலும் பீபெரி உண்டு, ரொபஸ்டாவிலும் உண்டு. ஆகவே வெறுமனே "பீபெரி" என்று கேட்டு வாங்கி, உசத்தி என்று நினைத்துக்கொள்வதில் அர்த்தமில்லை. எதில் பீபெரி என்று கேளுங்கள். அரபிகா மணத்தையும் லேசான புளிப்பையும் தரும். ரொபஸ்டாவில் கஃபீன் ஏறக்குறைய இரண்டு மடங்கு, கசப்பும் திடமும் கூட. இந்தியாவில் விளைவதில் சுமார் 70 சதவீதம் ரொபஸ்டாதான், பால் விட்டுக் குடிக்கிற காபிக்கு அது கொஞ்சம் இருப்பது நல்லதும்கூட. முழுக்க அரபிகா போட்டால் மணம் தூக்கும், ஆனால் பால் சேர்ந்ததும் வாயில் வெறுமையாக இருக்கும். பிளான்டேஷன் ஏ 70, ரொபஸ்டா பீபெரி 30 என்று தொடங்கி, நாக்குக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம். வறுவல் நடுத்தரமாக இருக்கட்டும். கொட்டையின்மேல் எண்ணெய் மினுங்கினால் ரொம்பக் கருக வறுத்தது. எந்த ஊர்த் தோட்டத்துக் கொட்டையாக இருந்தாலும் கரிந்த ருசி ஒன்றுதான் மிஞ்சும்.

சிக்கரியை வில்லனாகப் பேசுவது இப்போது பழக்கமாகிவிட்டது. அது ஒரு செடியின் வேர், வறுத்துப் பொடித்தது. கஃபீன் கிடையாது. காபிப் பொடியில் வெந்நீருக்குக் கரையக்கூடியது அதிகம் போனால் 30 சதவீதம். சிக்கரியில் பாதிக்கு மேல் கரையும். அதனால்தான் கொஞ்சம் சேர்த்தாலே டிகாக்‌ஷன் கறுத்துக் கெட்டியாகத் தெரிகிறது. ஈரம் பட்டால் அது வழுவழுப்பாக ஊறித் தண்ணீரின் வேகத்தையும் குறைக்கும், ஃபில்டருக்கு இது ஒத்தாசையே. 10 முதல் 20 சதவீதம் வரை காபியின் மணத்தை அமுக்காது. 30-க்கு மேல் போனால் நிறம் இருக்கும், வெல்லப்பாகுக் கசப்பு இருக்கும், காபி இருக்காது. சட்டப்படி காபி-சிக்கரிக் கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, இரண்டின் விகிதத்தையும் பாக்கெட்டில் அச்சிட வேண்டும். 53-க்கு 47 என்று பொடி எழுத்தில் இருப்பதைப் படிக்காமலே பல வருடம் வாங்குகிறவர்கள் உண்டு.

சந்தேகமாக இருந்தால் வீட்டிலேயே பார்க்கலாம். கண்ணாடி டம்ளரில் பச்சைத் தண்ணீர் எடுத்து, ஒரு சிட்டிகைப் பொடியை மேலே தூவுங்கள். காபித் தூள் எண்ணெய்ப் பசையால் மிதந்துகொண்டிருக்கும். சிக்கரித் துகள் சில விநாடிகளில் நனைந்து, பின்னால் பழுப்புக் கோடு இழுத்துக்கொண்டே அடிக்கு இறங்கும். 80-20 என்று சொன்ன பொடியில் தண்ணீர் முழுக்கக் கோடுகளாகி நிறம் மாறினால், அடுத்த முறை காபியைத் தனியாகவும் சிக்கரியைத் தனியாகவும் வாங்கி நீங்களே கலந்துகொள்ளுங்கள். சிக்கரி காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் கட்டி தட்டும் என்பதால் தனித்தனியாக வைப்பதில் இந்த லாபமும் இருக்கிறது.

பொடியை இரண்டு வாரத்துக்கு மேல் தேவைப்படும் அளவு வாங்காதீர்கள். காற்றுப் புகாத டப்பா, அடுப்புக்குத் தள்ளி ஒரு அலமாரி, அவ்வளவுதான். ஃபிரிட்ஜில் வைத்து தினமும் எடுத்துத் திறந்தால் குளிர்ந்த பொடிமேல் ஈரம் படியும், கூடவே ஃபிரிட்ஜில் இருக்கும் சாம்பார் வாடையும் ஏறும்.

தண்ணீரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. உப்புக்கரிக்கும் போர் தண்ணீரில் காபியின் புளிப்பு செத்துப்போய்ச் சப்பென்று இருக்கும். ஆர்.ஓ. இயந்திரம் உப்பை எல்லாம் வழித்தெடுத்துவிட்டாலும் சாரம் சரியாக இறங்காது, இயந்திரத்தில் டி.டி.எஸ்., அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவை மாற்றும் திருகு இருந்தால் 100 முதல் 150-க்குள் வைக்கச் சொல்லுங்கள்.

பாலில் பலரும் சறுக்குகிறார்கள். பாக்கெட்டில் முழுக்கொழுப்புப் பால் என்றால் கொழுப்பு 6 சதவீதம், நிலைப்படுத்தியது 4.5, சமன்படுத்தியது 3. காபிக்கு 4.5 நன்றாகப் பொருந்தும். 6 சதவீதப் பால் திடமான டிகாக்‌ஷனைத் தாங்கும், மென்மையான அரபிகாவின் மணத்தை மூடிவிடும். 3 சதவீதப் பாலில் போடுகிறவர்கள் தண்ணீர் ஒரு சொட்டுகூடச் சேர்க்கக் கூடாது. பால் பொங்கி வந்ததும் இறக்கி உடனே கலக்க வேண்டும். காலையில் காய்ச்சிய பாலை எட்டு மணிக்கு ஒரு முறை, பத்து மணிக்கு ஒரு முறை என்று சூடாக்கிக்கொண்டே இருந்தால் ஒவ்வொரு முறையும் ஆடை கட்டும், காய்ச்சிய வாடை ஏறும். இதைத்தான் "டிகாக்‌ஷன் சரியில்லை" என்று பலர் தப்பாகச் சொல்கிறார்கள். தேவையானதை மட்டும் புதிதாக ஒரு முறை காய்ச்சுங்கள்.

கலக்கும்போது டம்ளரில் சர்க்கரை முதலில், அதன்மேல் டிகாக்‌ஷன் 45 முதல் 50 மில்லி, கடைசியில் கொதிக்கும் பால் 100 மில்லி. டிகாக்‌ஷனைப் பாலில் விட்டுச் சேர்த்துக் கொதிக்க வைப்பது மணத்தைக் காற்றில் விடுவதற்குச் சமம். டபராவுக்கும் டம்ளருக்குமாக இரண்டே ஆற்று. நுரை நிற்கும், சர்க்கரை கரையும், வாய் பொறுக்கும் சூட்டுக்கு வரும். ஐந்தாறு முறை ஆற்றினால் ஆறித்தான் போகும். காபி ரொம்பக் கடுமையாக இருந்தால் டிகாக்‌ஷனைக் குறையுங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள்.

இறக்கிய டிகாக்‌ஷனை மறுபடி நேரடியாக அடுப்பில் வைக்கவே கூடாது. ஆறிப்போயிருந்தால் வெந்நீர் நிறைந்த கிண்ணத்துக்குள் டிகாக்‌ஷன் பாத்திரத்தை ஐந்து நிமிடம் உட்கார வையுங்கள். இறங்கிய ஒரு மணி நேரத்துக்குள் குடிப்பது உத்தமம். சாயங்காலக் காபிக்கு வேண்டுமென்றால் மூடி ஃபிரிட்ஜில் வைத்து, மறுநாளைக்கு நீட்டிக்காமல் தீர்த்துவிடுங்கள். இரவே போட்டு வைத்துக் காலையில் குடிக்கும் பழக்கம் வசதிதான், மணத்தில் பாதியை இழந்துதான் அந்த வசதி கிடைக்கிறது. காலையில் எழுந்ததும் முதல் வேலையாகத் தண்ணீர் கொதிக்க வைத்து ஊற்றிவிட்டால், பல் துலக்கிப் பால் காய்வதற்குள் முதல் டம்ளருக்கு வேண்டியது இறங்கியிருக்கும்.

இரண்டாம் டிகாக்‌ஷன் எடுக்கலாமா என்றும் கேட்பீர்கள். எடுக்கலாம். சக்கையில் நல்லதெல்லாம் முதல் தண்ணீரிலேயே போயிருக்கும், மிஞ்சுவது கசப்பும் நிறமும். 60 மில்லிக்கு மேல் ஊற்றாமல், தனியாகப் பிடித்து, லேசாகக் குடிக்கிறவர்களுக்கு முதல் டிகாக்‌ஷனில் பாதிக்குப் பாதி கலந்து கொடுங்கள். முதலாவதோடு மொத்தமாகக் கலந்துவிட்டால் வீட்டில் எல்லோருக்குமே சுமாரான காபி.

ருசியை வைத்துக் கோளாறைப் பிடிப்பது எளிது. புளிப்பாக, மெலிதாக இருந்தால் தண்ணீர் ஆறிப்போயிருக்கிறது, அல்லது வேகமாக இறங்கியிருக்கிறது. நாக்கின் அடியில் ஒட்டும் கசப்பு என்றால் கருக வறுத்த கொட்டை, சூடுபடுத்திய டிகாக்‌ஷன், அல்லது ஒரு மணி நேரம் நின்று இறங்கியது. டம்ளர் அடியில் வண்டல் நின்றால் பொடி நைஸ், அல்லது துளை தேய்ந்து பெரிதாகியிருக்கிறது. பால் திரிந்தால் முதலில் பாலையே சந்தேகப்படுங்கள்: புளிக்கத் தொடங்கிய பால் தனியாகக் காயும்போது தாக்குப்பிடித்து, காபியின் அமிலம் சேர்ந்ததும் திரியும். நாட்டுச்சர்க்கரை, வெல்லம் போட்டுக் குடிக்கிறவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். அவர்கள் பாலும் டிகாக்‌ஷனும் கலந்து ஆற்றி, குடிக்கும் சூட்டுக்கு வந்த பிறகு வெல்லத்தைச் சேர்த்தால் திரியாது.